பழைய டிஸ்கைக் கழற்றிவிட்டு ஆன் செய்து பார்த்தீர்களா?

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று சொன்னால் சேலத்தில் எந்தக் கடைக்குப் போனாலும் கிடைக்கும் முதல் யோசனை, ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போடுங்கள் என்பதுதான். நல்ல யோசனை. நானும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் பில்லிங் சாஃப்ட்வேர், பிரிண்டர் செட்டிங், பழைய வருடக் கணக்கு எல்லாம் இருந்தபடியே இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். அதனால் விண்டோஸைப் புதிதாகப் போடாமல் குளோன் எடுக்கிறோம், அதாவது பழைய டிஸ்கில் இருப்பதை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுக்கிறோம். குளோன் எடுத்த பிறகு டேட்டா காணாமல் போய் வருகிறவர்கள் குறைவு. டேட்டா முழுதாக இருந்தும் கம்ப்யூட்டர் பூட் ஆகாமல், அதாவது விண்டோஸ் துவங்காமல், வருகிறவர்கள்தான் அதிகம்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுக் கடை. வேறொரு இடத்தில் எஸ்எஸ்டி போட்டு வாங்கியிருந்தார்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கும் அதே பெட்டிக்குள்தான் இருந்தது. பல மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் கேமரா டிவிஆருக்கு ஒரு டிஸ்க் தேவைப்பட, கேமரா பையன் அந்தப் பழைய டிஸ்கைக் கழற்றி அதில் மாட்டிவிட்டான். டிவிஆர் முதல் வேலையாக அதை ஃபார்மட் செய்துவிட்டது. மறுநாள் காலையில் கடைக் கம்ப்யூட்டரை ஆன் செய்தால் கறுப்புத் திரை, பூட் செய்ய டிஸ்க்கே இல்லை என்று ஒரு வரி. “நேத்து வரைக்கும் நல்லாத்தாங்க ஓடுச்சு, எஸ்எஸ்டி போயிருச்சுங்களா?” என்று கடைக்காரர் பதறிப்போய்க் கேட்டார்.

எஸ்எஸ்டிக்கு எதுவும் ஆகவில்லை. வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தபோது கணக்குகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. விஷயம் இதுதான்: குளோன் எடுத்தவர்கள் முழு டிஸ்கையும் எடுக்காமல் சி டிரைவை மட்டும் எடுத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரைத் துவக்கும் கோப்புகள் சி டிரைவில் இருப்பதில்லை. யுஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறை உள்ள கம்ப்யூட்டரில் அதற்கென்று ஒரு சின்னப் பகுதி தனியாக உண்டு. ஃபேட் 32 வடிவில், பெரும்பாலும் 100 எம்பி அளவில் இருக்கும். அதற்கு டிரைவ் எழுத்து கிடையாது என்பதால் ‘மை கம்ப்யூட்டர்’ திரையில் தெரியாது. அந்தப் பகுதி பழைய டிஸ்கிலேயே தங்கிவிட, ‘விண்டோஸ் இனி எஸ்எஸ்டியில் இருக்கிறது’ என்று அதில் மட்டும் மாற்றி எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். ஆகவே தினமும் துவக்கி வைத்தது பழைய டிஸ்க், ஓடியது புதிய டிஸ்க். எஸ்எஸ்டியின் சி டிரைவில் கொஞ்சம் இடத்தைச் சுருக்கி, அந்தச் சின்னப் பகுதியைப் புதிதாக உண்டாக்கி, விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவ் மூலம் துவக்கக் கோப்புகளை அங்கே எழுதியதும் கம்ப்யூட்டர் பூட் ஆனது. பெரிய வேலையில்லை. ஆனால் அன்று காலை முழுதும் கடையில் பில் போட முடியவில்லை.

உங்கள் கம்ப்யூட்டரும் இப்படி இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் திறங்கள். பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க்குகள் வரிசையாகத் தெரியும். ‘ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்’ என்ற பகுதி சி டிரைவ் இருக்கும் அதே டிஸ்கில் இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்கைப் பகுதிகளாகப் பிரிப்பதில் பழைய முறையான எம்பிஆர் உள்ள கம்ப்யூட்டர் என்றால் ‘சிஸ்டம்’ என்று எழுதியிருக்கும் பகுதி எந்த டிஸ்கில் இருக்கிறது என்று பாருங்கள். அது பழைய டிஸ்கில் மட்டும் இருந்தால், அந்த டிஸ்க் போகிற அன்று கம்ப்யூட்டரும் நின்றுவிடும்.

முழு டிஸ்கையும் குளோன் எடுத்தால் வேறொரு சிக்கல். ஒவ்வொரு டிஸ்க்கும் ஓர் அடையாள எண்ணைச் சுமக்கிறது. எம்பிஆர் முறையில் அது முதல் செக்டாருக்குள் இருக்கும் 4 பைட் எண். அதற்குப் பின் வந்த ஜிபிடி முறையில் டிஸ்க்குக்கு ஒன்று, ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் ஒன்று என நீளமான எண்கள். விண்டோஸ் எங்கே இருக்கிறது என்பதைத் துவக்கக் கோப்பு இந்த எண்ணை வைத்துத்தான் தேடுகிறது. குளோன் சாஃப்ட்வேர் இந்த எண்ணையும் சேர்த்து நகலெடுத்துவிட்டால், ஒரே நம்பர் பிளேட்டில் இரண்டு வண்டி நிற்பது மாதிரி ஆகிவிடும். இரண்டையும் மாட்டியபடி ஆன் செய்தால் விண்டோஸ் ஒரு டிஸ்கை ‘ஆஃப்லைன்’ என்று ஒதுக்கி வைக்கும். விவரம் தெரியாமல் அதை ‘ஆன்லைன்’ ஆக்கினால் விண்டோஸ் அதற்குப் புது எண் எழுதிவிடும். அப்புறம் அந்த டிஸ்கைத் தனியாக மாட்டினால் பூட் ஆகாது, ஏனென்றால் அதில் உள்ள துவக்கக் கோப்பு இன்னும் பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கும். அவசரத்துக்கு உதவும் என்று வைத்திருந்த பழைய டிஸ்க் இப்படித்தான் உதவாமல் போகிறது.

இதைவிட நான் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு. இரண்டு டிஸ்கிலும் முழு விண்டோஸ் இருக்கும்போது, ஒரு நாள் கேபிள் லூசாகியோ, எந்த டிஸ்கிலிருந்து துவங்குவது என்பதை முடிவு செய்யும் பயாஸ் செட்டிங் மாறியோ கம்ப்யூட்டர் பழைய டிஸ்கிலிருந்து பூட் ஆகிவிடும். திரை ஒரே மாதிரி இருப்பதால் யாருக்கும் தெரியாது. அன்றைய பில்கள் எல்லாம் பழைய டிஸ்கில் ஏறும். மறுபடி எஸ்எஸ்டியில் பூட் ஆனதும் அந்த நாள் கணக்கே இல்லாதது போலத் தெரியும். மாதக் கடைசியில் ஜிஎஸ்டி பார்க்கும்போது ஆடிட்டர்தான் கண்டுபிடிப்பார்.

லேப்டாப் வைத்திருப்பவர்கள் முதலில், டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரைக் கவனியுங்கள். விண்டோஸ் 11 உடன் வந்த பல லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்தாலே டிஸ்க் பூட்டப்பட்டுவிடுகிறது. சாவி மதர்போர்டில் உள்ள டிபிஎம் சிப்பிடம் இருக்கும். குளோன் எடுக்கும்போது பயாஸில் ஏதாவது மாற்றினாலோ டிஸ்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலோ 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அது கையில் இல்லாவிட்டால் யாராலும் திறக்க முடியாது. எந்தக் கடைக்காரராவது திறந்து தருகிறேன் என்றால் நம்ப வேண்டாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்தக் கீயை முன்கூட்டியே காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குளோன் முடியும்வரை பிட்லாக்கரை நிறுத்தி வைப்பது இன்னும் நல்லது.

உபுண்டு லினக்ஸும் விண்டோஸும் சேர்த்து வைத்திருக்கும் கல்லூரி மாணவர்களும் வருகிறார்கள். சில பேக்கப் சாஃப்ட்வேர்கள் ஆன் செய்யும்போதே ஒரு பட்டனை அழுத்தினால் ரெகவரி திரை வரும் வசதியைத் தருகின்றன. எம்பிஆர் முறையில் அந்த வசதி, லினக்ஸின் துவக்க மெனுவான க்ரப் இருந்த இடத்தில் தன் புரோகிராமை எழுதிவிடலாம். அப்புறம் லினக்ஸைத் தேர்ந்தெடுக்கும் மெனுவே வராது. அந்த வசதி உங்களுக்குத் தேவையில்லை என்றால் ஆன் செய்யாதீர்கள்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், எஸ்எஸ்டி போடும்போதே 11க்கு மாறலாமா என்று பலரும் கேட்கிறார்கள். எம்பிஆர் டிஸ்கை இருந்தபடி குளோன் எடுத்தால் எஸ்எஸ்டியும் எம்பிஆர் ஆகவே இருக்கும். 11க்கு யுஇஎஃப்ஐ வேண்டும், அதற்கு டிஸ்க் ஜிபிடி ஆக வேண்டும். விண்டோஸிலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி கருவி டேட்டாவை அழிக்காமல் மாற்றித் தரும். ஆனால் மாற்றிய கையோடு பயாஸிலும் யுஇஎஃப்ஐ முறைக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பூட் ஆகாது. மாற்றத்தைக் குளோன் எடுத்த பிறகு எஸ்எஸ்டியில் மட்டும் செய்யுங்கள், பழைய டிஸ்கைத் தொடாதீர்கள்.

ஏற்காட்டிலிருந்து எஸ்டேட் ஆபீஸ், தங்கும் விடுதிக் கம்ப்யூட்டர்களைக் கீழே கொண்டுவருபவர்களிடம் கொஞ்சம் கூடுதலாகவே சொல்வேன். வேலை முடிந்ததும் கடையிலேயே, உங்கள் கண் முன்னால், பழைய டிஸ்கின் கேபிளைக் கழற்றச் சொல்லுங்கள். எஸ்எஸ்டி மட்டும் இருக்கும்போது ஆன் செய்யச் சொல்லுங்கள். ஒரு தடவை முழுதாக ஷட்டவுன் செய்து, பவரைப் பிடுங்கி, மறுபடி ஆன் செய்யட்டும். பில்லிங் சாஃப்ட்வேரைத் திறந்து கடைசி பில் நம்பரைப் பாருங்கள். சில சாஃப்ட்வேர்களின் லைசென்ஸ் டிஸ்க்கோடு கட்டப்பட்டிருக்கும், அது மறுபடி ஆக்டிவேஷன் கேட்கிறதா என்றும் பாருங்கள். இதற்கெல்லாம் கால் மணி நேரம் போதும். மேலே போனபிறகு பூட் ஆகவில்லை என்றால் 20 கொண்டை ஊசி வளைவும் மறுபடி இறங்கி வர வேண்டும்.

கழற்றிய பழைய டிஸ்கின் மேல் தேதி எழுதி, உறையில் போட்டு, ஒரு ஜிஎஸ்டி தாக்கல் முடியும்வரையாவது பீரோவில் வையுங்கள். டிவிஆருக்கு டிஸ்க் வேண்டுமென்றால் அதற்குத் தனியாகவே ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.