கம்பளிப்பூச்சி கடிக்காதுங்க, ஆனா...

"கம்பளிப்பூச்சி கடிச்சா விஷம் ஏறுமா?"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். மொதல்ல, அது நம்மள கடிக்கிறதே இல்ல. வாய் இருக்கறது இலை திங்க. நம்மள பதம் பாக்கறது முதுகு மேல இருக்கற முடியும் முள்ளும்தான், அதுலயும் நிறைய வகைங்க பாக்கத்தான் பயங்கரம், ஒண்ணும் செய்யாது.

செய்யறதுல ரெண்டு ரகம். ஒண்ணு முடி உதிர்க்கற ரகம். ஐரோப்பால ஓக் மரத்துலயும் பைன் மரத்துலயும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா ஊர்வலம் போற புழுக்கள் இருக்கு, அதோட அரிக்கற முடி ஒவ்வொண்ணும் கால் மில்லிமீட்டர் இருந்தாலே பெருசு, காத்துல பறக்கும், புழுவ தொடாமயே உங்களுக்கு அரிக்கும், பழைய கூட்டுல வருஷக்கணக்கா வீரியத்தோட கிடக்கும். முடியில இருக்கற புரதம் தோல்ல ஹிஸ்டமினை, அதாவது அரிப்பும் வீக்கமும் உண்டாக்கற நம்ம உடம்போட ரசாயனத்த, கிளப்பிவிடும், தடிப்பு தடிப்பா வரும். அந்த முடில தூண்டில் முள்ளு மாதிரி பின்பக்கம் பாத்த கொக்கிங்க இருக்கறதால முன்னாடி போகும், திரும்பி வராது. கொடில காஞ்ச சட்டைய உதறாம போட்டு நான் ஒருதடவை பட்டிருக்கேன், "நல்லா தேய்ச்சு விடு, போயிடும்"னாங்க, தேய்ச்சேன், தேய்க்கத் தேய்க்க உள்ள போச்சு. கண்ணுல விழுந்தா இன்னும் மோசம், கண்ணு அசையற அசைவே முடிய உள்ள தள்ளிட்டுப் போகும்.

ரெண்டாவது ரகத்துக்கு உள்ள குழலா இருக்கற முள், அடில விஷம். எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை இதுலதான். அமெரிக்காவுல மெகலோபைஜி ஒபெர்குலாரிஸ்னு ஒரு புழு, பாத்தா பூனைக்குட்டி ரோமம் மாதிரி மெத்துனு தடவச் சொல்லும், முள்ளு அந்த ரோமத்துக்கு அடில ஒளிஞ்சிருக்கும். பட்டா மணிக்கணக்கா வலி. 2023ல ஆஸ்திரேலியாவோட குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆளுங்க அந்த விஷத்தப் பிரிச்சுப் பாத்தாங்க. உள்ள இருக்கற புரதம் நம்ம செல்லோட சவ்வு மேல வந்து உக்காரும், பக்கத்துல இன்னொண்ணு, அப்புறம் இன்னொண்ணு, கை கோத்துக்கிட்டு ஒரு வளையமாகும், அந்த வளையத்துல இருந்து ஒரு குழாய் கீழ இறங்கி சவ்வ துளைச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போயிடும். அவ்ளோதான், செல்லுல ஓட்டை. வெளில நிக்க வேண்டிய அயனிங்க (மின்னூட்டம் உள்ள துகளுங்க) உள்ள புகுந்துடும், அந்த செல் வலி நரம்பா இருந்தா "எரியுது"ன்னு மூளைக்கு சேதி கிளம்பிடும். இந்த ஓட்டை போடற வித்தை பாக்டீரியாவோட வித்தை! எப்பவோ ஒரு பாக்டீரியாவோட ஜீன் இந்தப் புழுவோட மூதாதைக்குத் தாவி, அங்கயே தங்கி, ஆயுதமாவே ஆயிடுச்சு. பரம்பரைச் சொத்து இல்ல, கைமாத்து!

உயிருக்கே ஆபத்தானது தெற்கு பிரேசில்ல இருக்கற லோனோமியா. மரப்பட்டை நிறத்துல கூட்டமா ஒட்டிக்கிட்டு இருக்கும், தெரியாம கை வச்சா அந்த விஷம் ரத்தம் உறையறத உடம்பு முழுக்க ஆன் பண்ணிடும், உறையறதுக்கான சரக்கெல்லாம் தீர்ந்துபோய் அதுக்கப்புறம் ரத்தம் நிக்காது, ஈறுல கசியும், சிறுநீர்ல வரும், கிட்னியும் போகலாம். சாவோ பாலோல இருக்கற புட்டன்டான் இன்ஸ்டிட்யூட் இதுக்கு விஷமுறிவு மருந்தே செய்யுது. ரத்த உறைவுக்கு மருந்து தேடறவங்களுக்கு இது புதையல், ஆனா பாம்பு விஷ ஆராய்ச்சின்னா காசு கொடுக்கறவங்க புழுன்னா கொடுக்க யோசிக்கறாங்க, என்னத்த சொல்ல.

பட்டுட்டா தேய்க்காதீங்க. செல்லோடேப்ப ஒட்டி ஒட்டி உரிங்க, ஒவ்வொரு தடவையும் புது டேப்பு, அப்புறம் சோப்புத் தண்ணி, ஐஸ். போட்டிருந்த துணிய தனியா துவைங்க. கண்ணுல பட்டிருந்தா, மூச்சு திணறினா, எங்கயாவது ரத்தம் கசிஞ்சா நேரா டாக்டர். உரிச்ச டேப்ப லென்ஸ் வச்சுப் பாருங்க, என் கழுத்துல இருந்து வந்ததுல குட்டிக் குட்டியா பழுப்பு முடி ஒரு கொத்தே இருந்துச்சு.