பரிவு நரம்பு: பெயரில் இருப்பது இரக்கமா?

உசிலம்பட்டியிலிருந்து கண் காட்டுவதற்காக மதுரைக்கு வந்திருந்த என் சித்தப்பாவுக்கு இடது இமை தாழ்ந்து, அந்தக் கண்ணின் பாவை சுருங்கியிருந்தது; மருத்துவரோ நெஞ்சைப் படம் எடுக்கச் சொன்னார். சீட்டிலிருந்த 'சிம்பதெடிக் நரம்பு' (தமிழில் பரிவு நரம்பு) என்பதை நான் வாசித்ததும், "சிம்பதின்னா இரக்கந்தானப்பா, நரம்புக்கு என்ன இரக்கம்?" என்று கேட்டார்.

அச்சொல் பிறந்த கிரேக்கத்தில் 'சின்' என்பது உடன். 'பாதோஸ்' என்பது ஒருவர் படுவது, அது துன்பமாயினும் உணர்ச்சியாயினும். ஓர் உறுப்பு நோகும்போது தொலைவிலுள்ள இன்னோர் உறுப்பும் உடன் நோகும் என்பது பண்டை மருத்துவர் கருத்து. அந்த உடன்நோவைக் கடத்துவது இதுவே என்றெண்ணித்தான் பாரிசில் வாழ்ந்த உடற்கூற்றியலாளர் வின்ஸ்லோ, 1732இல் முதுகெலும்பின் இருபுறமும் ஓடும் நரம்புச் சங்கிலிக்கு இப்பெயரை இட்டார்.

(நம் ஊரில் சிரையில் போடும் ஊசியையும் 'நரம்பு ஊசி' என்பார்கள், இங்கே பேசுவது அந்த நரம்பை அல்ல.)

கண்ணுக்குரிய பரிவு இழைகள் மூளையிலிருந்து நேரே முன்னால் வருவதில்லை. தண்டுவடத்துக்குள் இறங்கி, பெரும்பாலும் முதல் நெஞ்சு நரம்பின் மட்டத்தில் வெளியேறி, நுரையீரலின் உச்சியை ஒட்டி மேலேறி, கழுத்தின் மேல் நரம்பு முடிச்சில் இழை மாறி, மூளைக்குச் செல்லும் தமனியைப் பற்றிக்கொண்டு கண்ணை அடைந்து பாவையை விரிக்கின்றன. கைக்குரியவை ஏறத்தாழ 2 முதல் 6 வரையிலான நெஞ்சு மட்டங்களில் புறப்பட்டு, அதே சங்கிலியில் ஏறி, பெரும்பாலும் கழுத்தடியிலுள்ள விண்மீன் வடிவ முடிச்சில் இழை மாறி, கைக்குப் போகும் நரம்புப் பின்னலோடு கலந்து, உள்ளங்கை வியர்ப்பதையும் இரத்தக்குழாய் சுருங்குவதையும் ஆள்கின்றன. உள்ளங்கை வியர்வைக்காக இச்சங்கிலியைத் துண்டிக்கும் அறுவையாளர்கள் அந்த விண்மீன் முடிச்சைத் தொட அஞ்சுவதற்குக் காரணம், அது கெட்டால் இமை தாழ்ந்துவிடும் என்பதே. சுவிஸ் கண் மருத்துவர் ஹார்னர் 1869இல் விவரித்த நிலையும் இதுதான். நுரையீரல் உச்சியில் கட்டி வந்தாலும் கண்ணும் உடன் பாதிக்கப்படுகிறது; நெஞ்சைப் படம் எடுக்கச் சொன்னது அதனால்தான். பழைய கொள்கை பிழையானாலும் பெயர் தவறிப்போகவில்லை.

தமிழில் 'பரிவு நரம்பு' என்பதே எனக்கு உகந்த சொல்லாகத் தோன்றுகிறது. பரிதல் என்பதற்கு அன்புகொள்ளுதல், வருந்துதல் என இரு பொருளும் உண்டு. 'பரிந்தோம்பிக் காக்க ஒழுக்கம்' என்னும் குறளில் 'பரிந்து' என்பது 'வருந்தி' என்றே உரை பெறும். 'ஒத்துணர்வு நரம்பு' என்பது 'உடன்' என்பதைக் காட்டினாலும் துன்பத்தை நழுவவிடுகிறது.

இதன் கூட்டாளியான 'பாராசிம்பதெடிக்' நரம்புக்கு வழங்கும் 'எதிர்ப்பரிவு' என்னும் சொல்தான் எனக்கு உடன்பாடில்லை. ஆங்கில உடலியங்கியலாளர் லாங்லி 1905இல் சேர்த்த 'பாரா' என்னும் முன்னொட்டுக்குப் பக்கத்தில் என்று பொருள். உமிழ்நீர்ச் சுரப்பியில் இவ்விரு நரம்புகளும் சுரக்கவே தூண்டுவதால், 'எதிர்ப்பரிவு' என்பதைவிட 'இணைப்பரிவு' என எழுதுவதே பொருந்தும்.