ஹிப்போகிறிட்: வஞ்சகனா, வெளிவேடக்காரனா?

என் பெறாமகள் ஏ.எல். (உயர்தர) வகுப்பில் நாடகமும் அரங்கியலும் படிக்கிறாள். கொழும்பு வெள்ளவத்தையில் 101 பஸ் ஏறி உட்கார்ந்ததும் கேட்டாள்: "சின்னம்மா, ஹிப்போகிறிட்டுக்குத் தமிழ் என்ன? வஞ்சகன் எண்டு போட்டால் சரியோ?" உள்ளே ஒன்று வைத்து வெளியே நல்லவனாக நடிப்பவனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அது. பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நாடகாசிரியர் மொலியேரின் தார்த்தூஃப் நாடகம் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம். பம்பலப்பிட்டி வருமுன் சொல்லி முடிக்கலாம் என்றுதான் தொடங்கினேன். கொள்ளுப்பிட்டி தாண்டியும் முடியவில்லை.

முதலில் சொல்லின் பிறப்பு. பழைய கிரேக்கத்தில் ஹிப்போகிரிடீஸ் என்றால் மேடை நடிகன். பதில் சொல்லுதல் என்ற வினையிலிருந்து வந்தது. முகமூடி போட்டு நின்று பாடற்குழுவுக்குப் பதில் சொன்னவன் என்பது ஒரு விளக்கம். அதில் பழிப்பு ஒன்றும் இல்லை, அது ஒரு தொழில். பிற்பாடு கிரேக்க மொழி நற்செய்தி நூல்களில், பிறர் பார்க்கவேண்டும் என்றே தெருமூலையில் நின்று செபிப்பவர்களைக் குறிக்க இதே சொல் வந்தது. அந்தப் பொருள்தான் லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு அவர்களை 'மாயக்காரர்' என்கிறது. பின்னர் வந்த கத்தோலிக்க மொழிபெயர்ப்பு 'வெளிவேடக்காரர்' என்கிறது.

தமிழ் யாரிடமும் கேளாமல் இதே வழியில் நடந்திருப்பதுதான் எனக்கு வியப்பு. வீட்டில் பிள்ளை வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்தால் "நடிக்காதை!" என்கிறோம். கிரேக்கர் நடிகனிலிருந்து எடுத்த பழிச்சொல்லை நாமும் நடிகனிலிருந்துதான் எடுத்திருக்கிறோம். பாவம், நடிகர்கள்! லயனல் வென்ட் அரங்கில் காசு கொடுத்து உட்கார்ந்திருப்பவருக்கு மேடையில் நிற்பவன் நடிக்கிறான் என்று தெரியும். ஹிப்போகிறிட் நடிப்பது பார்ப்பவருக்குத் தெரியாது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இனித் தார்த்தூஃப். 1664ஆம் ஆண்டு மே மாதம் வெர்சாய் அரண்மனையில் பதினான்காம் லூயி முன்னிலையில் நாடகம் முதலில் மேடையேறியது. உடனேயே பொதுமேடைக்குத் தடை. 1667இல் பெயரை மாற்றிப் போட்டுப் பார்த்தார் மொலியேர், மறுபடியும் தடை. 1669 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. ஓர்கோன் என்ற வசதியான குடும்பத்தலைவன் பக்திமான் என்று நம்பித் தார்த்தூஃபை வீட்டுக்குக் கூட்டிவந்து, மகளைக் கட்டிக்கொடுக்கவும் சொத்தை எழுதிவைக்கவும் துணிகிறான். வந்தவனோ ஓர்கோனின் மனைவி எல்மீருக்கு வலை வீசுகிறான்.

இவன் வெறும் பொய்யன் என்றால் நாடகம் ஒரு மணிநேரத்தில் முடிந்திருக்கும். மூன்றாம் அங்கத்தில் ஓர்கோனின் மகன் தமீஸ் அவனைக் கையும் களவுமாகப் பிடித்துத் தகப்பனிடம் சொல்கிறான். தார்த்தூஃப் மறுக்கவில்லை. ஆமாம், நான் பாவி, கேடுகெட்டவன் என்று மண்டியிடுகிறான். அவ்வளவும் உண்மை! ஓர்கோன் அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொண்டு மகனை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். பொய்யே சொல்லாமல் ஏமாற்றுகிற இந்த இடத்தில் 'பொய்யன்' என்ற சொல் செத்துப்போகிறது. நான்காம் அங்கத்தில் எல்மீரிடம் இன்னும் ஒரு படி மேலே போகிறான்: ஊருக்குத் தெரிந்தால்தான் பாவம், சத்தமில்லாமல் செய்தால் பாவமே இல்லையாம். அறம் என்பது அவனுக்குப் பார்ப்பவர் கண்ணில் மட்டுமே இருக்கிறது.

இன்னொன்றும் கவனித்தேன். ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ நாடகத்தில் வஞ்சகன் இயாகோ தனியே நின்று தன் திட்டத்தை நமக்குச் சொல்லிவிடுகிறான். தார்த்தூஃபை மொலியேர் ஒருமுறைகூடத் தனியே பேசவிடவில்லை. வேடத்தைக் கழற்றினால் உள்ளே யார் இருக்கிறான் என்று நமக்குத் தெரியாது. வள்ளுவர் அந்த உள்ளறைக்கும் ஒரு பார்வையாளரை வைத்தார்: 'வஞ்ச மனத்தான் படிற்றொழுக்கம் பூதங்கள் ஐந்தும் அகத்தே நகும்.' அவனுடைய சொந்த உடம்பே உள்ளுக்குள் அவனைப் பார்த்துச் சிரிக்குமாம். படிறு என்றால் பொய், கரவு. படிற்றொழுக்கம் என்றால் பொய்யையே நடத்தையாக்கிக்கொண்டது. ஹிப்போக்ரிசிக்கு இதைவிடக் கச்சிதமான பழைய சொல் எனக்குத் தெரியாது. இந்தக் குறள் வருகிற அதிகாரத்தின் பெயர் கூடாவொழுக்கம்.

நமக்கும் ஒரு தார்த்தூஃப் உண்டு. பெரியபுராணத்து முத்தநாதன். உடம்பெல்லாம் நீறு பூசி, புத்தகக் கட்டுக்குள் கத்தியை ஒளித்துக்கொண்டு, சிவனடியார் வேடத்தைக் கண்டாலே வணங்கும் அரசரான மெய்ப்பொருள் நாயனாரைக் கொல்ல வருகிறான். 'மைபொதி விளக்கே யென்ன மனத்தினுட் கறுப்பு வைத்து' என்கிறார் சேக்கிழார். அவன் கோலத்துக்கு அவர் வைத்த பெயர் 'பொய்தவ வேடம்'. ஓர்கோன் ஏமாந்தால் சிரிக்கிறோம், நாயனார் ஏமாந்தால் கும்பிடுகிறோம். குத்துப்பட்ட பிறகும், கொன்றவனுக்குத் தீங்கு வராமல் ஊரெல்லை கடத்திவிடச் சொன்னவர் அவர். இதைச் சொன்னதும் பெறாமகள், "அப்ப வேசத்துக்கு மரியாதை குடுத்தது பிழையோ?" என்று கேட்டாள். அதற்கு 101 பஸ் போதாது.

சரி, எந்தச் சொல்லை எழுதுவது? வஞ்சகன் போதாது. வஞ்சகனுக்கு நல்லவன் வேடம் கட்டாயமில்லை. நம் பேச்சில் உள்ள 'பேய்க்காட்டுறவன்', 'சுத்துமாத்துக்காரன்' இரண்டும் பெட்டிக்கடையில் மிச்சக்காசைக் குறைத்துக் கொடுப்பவனுக்கும் பொருந்தும். கபடவேடதாரி பொருள் சரி, ஆனால் பழைய நாடக நோட்டீஸ் வாசனை. ருத்திராட்சப் பூனை அருமைதான், பரீட்சைத் தாளில் கொஞ்சம் துள்ளும். ஆளுக்கு வெளிவேடக்காரன், குணத்துக்குப் படிற்றொழுக்கம் என்று எழுது என்றேன். 'படிறு' ஆசிரியருக்கு விளங்குமா என்று யோசித்தாள். குறளை மேற்கோள் காட்டிவிடு, அப்புறம் யாரும் கேட்கமாட்டார்கள் என்றேன்.

கோட்டையில் இறங்கும்போது இன்னொரு சந்தேகம். தார்த்தூஃப் முதன்முதலாக மேடைக்கு வரும்போது, வேலைக்காரி தொரீனைக் கண்டதும், உடம்பை வருத்தித் தவம் செய்யும் என் மயிராடையையும் சாட்டையையும் எடுத்து வை என்று தன் ஏவலாளிடம் உரக்கச் சொல்கிறான். அதைக் கேட்டு அவள் அலுத்துக்கொள்வதை எப்படித் தமிழில் போடுவது? படிற்றொழுக்கம் என்று ஒரு வேலைக்காரி சொல்லமாட்டாள். "என்ன பம்மாத்து!" என்று போடு என்றேன். அந்த ஒன்றை மட்டும் அவள் கேள்வி கேட்காமல் எழுதிக்கொண்டாள்.