துப்பாக்கிக்கு வெந்நீர்க் குளியல் எதற்கு?

பென்சில்வேனியாவில் குடியிருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: "பக்கத்து வீட்டுப் பெரியவர் டிசம்பர் கடைசியில் பழங்காலத் துப்பாக்கி ஒன்றை எடுத்துக்கொண்டு மான் வேட்டைக்குப் போய் வந்தார். வந்ததும் குழலைத் தனியே கழற்றி, பாத்திரம் விளக்கும் சோப்பு கரைத்த வாளித் தண்ணீரில் முக்கி அலசுகிறார். இரும்பு துருப்பிடித்துவிடாதா? எண்ணெய்தானே போட வேண்டும்?"

தண்ணீர் படாவிட்டால்தான் அது துருப்பிடிக்கும். எண்ணெயை முதலில் போட்டால் இன்னும் மோசமாகும். பெரியவர் சரியாகத்தான் செய்கிறார்.

அவர் வைத்திருப்பது குழலின் வாய்வழியாக வெடிமருந்தைக் கெட்டிக்கும் துப்பாக்கி. நம் ஊர்ச் செய்திகளில் 'நாட்டுத் துப்பாக்கி' என்று அடிபடுவதும் இதே குடும்பம்தான். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அமெரிக்காவில் உரிமம் வாங்கி, குறிப்பிட்ட பருவத்தில் வேட்டையாடலாம். இந்தக் குடும்பத்தில், கல் உரசும் பொறியால் மருந்தைப் பற்றவைக்கும் வகைக்குச் சக்கிமுக்கித் துப்பாக்கி என்று பெயர். பென்சில்வேனியாவில் 1974இலிருந்து அதற்கென்றே தனிப் பருவம் உண்டு. இப்போது அது வழக்கமாகக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்குகிறது.

இதில் போடும் வெடிமருந்தான கருமருந்தின் சேர்மானம் பள்ளிப் பாடம்: வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. கரியும் கந்தகமும் எரிபொருள். எரிவதற்கான ஆக்சிஜனை வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், தருகிறது. பாடப்புத்தகச் சமன்பாட்டில் பொட்டாசியம் சல்பைடும் நைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் விளைபொருள்கள். அந்தக் கணக்கில் திடப்பொருள் 41 சதவீதம்தான் வரும். உண்மையில் நடப்பது அவ்வளவு ஒழுங்கானதல்ல. 1870களில் பிரிட்டனில் ஆண்ட்ரூ நோபிள், ஃபிரெடெரிக் ஏபெல் என்ற இரு ஆய்வாளர்கள் மூடிய இரும்புக் கலத்துக்குள் கருமருந்தை எரித்து, மிஞ்சியதை நிறுத்துப் பார்த்தார்கள். பாதிக்கும் மேல், ஏறக்குறைய 57 சதவீதம், திடப்பொருளாகவே மிஞ்சியது. குண்டைத் தள்ளும் வாயு பாதிகூடத் தேறவில்லை. மிச்சமெல்லாம் உப்பு: பெரும்பங்கு பொட்டாசியம் கார்பனேட், அடுத்துப் பொட்டாசியம் சல்பேட், கொஞ்சம் சல்பைடு.

சுட்டவுடன் எழும் வெள்ளைப் புகை பெரும்பாலும் இந்த உப்புத்தூள்தான். வெளியே போகாதது குழலின் உள்சுவரில் படிகிறது. இந்தத் துப்பாக்கியில் எதை எப்படிச் செய்ய வேண்டும் என்று தீர்மானிப்பது பெரும்பாலும் இந்தப் படிவுதான்.

முதலில் கெட்டிப்பதைப் பார்ப்போம். அரை அங்குல வாயுள்ள குழல் என்று வைத்துக்கொள்வோம். உலர்ந்த துணியைக் கோலில் மாட்டி உள்ளேயிருக்கும் காப்பு எண்ணெயைத் துடைத்தெடுக்க வேண்டும். குழலின் அடியில் தீ உள்ளே நுழையும் துளையான பற்றுவாயில் மெல்லிய கம்பியை விட்டுப் பார்க்க வேண்டும். இந்தத் துளை அடைத்திருந்தால் பிறகு செய்யும் எதுவும் பயன்படாது. மருந்து 'இரண்டு எஃப்' என்ற பருமனில் 80 கிரெயின், அதாவது 5 கிராமுக்குச் சற்று மேல். இதை எடைபோடுவதில்லை; அளவுக்குழாயில் கொள்ளளவாக அளப்பார்கள். மருந்தை நிரப்பி வைத்திருக்கும் கொம்பிலிருந்து நேரே குழலுக்குள் கொட்டவே கூடாது. முந்தைய சூட்டின் தீப்பொறி ஒன்று உள்ளே கனன்றுகொண்டிருந்தால் கையிலுள்ள கொம்பு முழுதும் வெடிக்கும். அளவுக்குழாயில் ஊற்றியபின் கொம்பை மூடிவிட்டுத்தான் குழல் பக்கம் போக வேண்டும்.

அடுத்தது குண்டு. 0.490 அங்குல விட்டமுள்ள தூய ஈயக் குண்டு, எடை சுமார் 11.5 கிராம். குழலின் வாய் 0.500 அங்குலம். குண்டு உள்ளே லொடலொடக்கும் அல்லவா? அதற்காகத்தான் 0.015 அங்குலத் தடிமனுள்ள பருத்தித் துணித்துண்டில் கொழுப்பும் தேன்மெழுகும் தடவி, வாயில் விரித்து, அதன்மேல் குண்டை வைக்கிறார்கள். இரு பக்கமும் துணியைச் சேர்த்தால் 0.520 அங்குலம், குழலைவிடப் பெரிது. குட்டைக் கோலால் ஒரு தட்டுத் தட்டித்தான் வாய்க்குள் இறக்க வேண்டும். துணி நசுங்கி, குழலின் உள்சுவரில் திருகாக வெட்டிய பள்ளங்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. குண்டைச் சுழற்றுவது இந்தத் துணிதான். ஈயம் இரும்பைத் தொடுவதே இல்லை.

சுட்டபின் சில கஜம் தள்ளித் தரையில் விழுந்து கிடக்கும் துணியைப் பொறுக்கிப் பார்த்தால் உள்ளே நடந்தது தெரியும். நடுவில் கருவட்டமும் ஓரத்தில் நூல் பிசிறும் இருந்தால் எல்லாம் நலம். நடுவில் ஓட்டை விழுந்திருந்தால் துணி மெல்லிசு அல்லது தடவிய கொழுப்பு போதவில்லை. கோடு கோடாகக் கிழிந்திருந்தால் பள்ளங்களின் விளிம்பு கத்திபோல இருக்கிறது என்று பொருள். கைரேகையை விட நம்பகமான ஜோசியம்.

குண்டை நீண்ட கோலால் மருந்தின்மேல் உட்காரும்வரை தள்ள வேண்டும். கோலை வாய்க்கு அருகில், ஒரு சாண் உயரத்தில் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்த வேண்டும். உயரப் பிடித்து ஒரே மூச்சில் அழுத்தினால் மரக்கோல் வளைந்து முறிந்து உள்ளங்கையில் பாயும். குண்டுக்கும் மருந்துக்கும் இடைவெளி இருக்கவே கூடாது. வாயு அந்த இடைவெளியில் வேகமெடுத்து, நிற்கிற குண்டின் பின்னால் மோதிக் குவியும். அந்த இடத்தில் குழல் வளையமாக வீங்கும், சில சமயம் வெடிக்கும். இதற்காகவே கோலில் ஒரு கோடு கீறி வைப்பார்கள். சரியாகக் கெட்டித்திருந்தால் கோடு வாய்மட்டத்தில் நிற்கும். கோடு மேலே தெரிந்தால் குண்டு இறங்கவில்லை, அல்லது இருமுறை கெட்டித்துவிட்டார்கள். கோடு உள்ளே மறைந்தால் மருந்து போட மறந்தாயிற்று. அப்படி மறந்தவர்கள் பற்றுவாய் வழியே 'நான்கு எஃப்' என்ற மிக நைசான பொடியைச் சிறிது புகுத்தி, குண்டை அடிவரை மறுபடி தள்ளி, அந்தச் சிறு வெடிப்பால் வெளியேற்றுவார்கள். நவீனப் புகையில்லா மருந்தை மட்டும் இதில் போடவே கூடாது. அழுத்தம் ஏற ஏற அதன் எரிவேகமும் தாறுமாறாக ஏறும். கருமருந்துக்குச் செய்த குழல் தாங்காது.

கடைசியாக, வெளியே உள்ள கிண்ணத்தில் ஒரு சிட்டிகை நான்கு எஃப் பொடி. விசையை இழுத்ததும் கல்லைக் கவ்விய சுத்தி (குதிரை என்பார்கள்), எஃகுத் தட்டில் பாய்கிறது. தெறிக்கும் பொறி கல்லுடையதல்ல. கல் சீவி எடுத்த இரும்புத் துணுக்கு காற்றில் எரிவது. கிண்ணத்துப் பொடி பற்றி, சுவாலை பற்றுவாய் வழியே உள்ளே பாயும்.

இப்போது நமக்குப் பிடித்த உப்புக்கு வருவோம். பொட்டாசியம் கார்பனேட் நமக்கு அந்நியமல்ல. விறகடுப்புச் சாம்பலின் உயிர்ச்சத்து அதுதான். சாம்பல் போட்டுப் பாத்திரம் துலக்கினால் எண்ணெய்ப் பிசுக்கு போவது இந்தக் காரத்தால். அதற்கு ஒரு விசேஷ குணம் உண்டு: காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 43 சதவீதத்தைத் தாண்டினால் போதும், தானாகவே காற்றிலிருந்து நீரை இழுத்து, அந்த நீரிலேயே கரைந்து திரவமாகிவிடும். இந்த எண் இவ்வளவு துல்லியமாக நிற்பதால், ஆய்வகங்களில் ஈரப்பதமானிகளைச் சரிபார்க்கப் பொட்டாசியம் கார்பனேட்டின் நிறைகரைசலைப் பயன்படுத்துகிறார்கள். மூடிய பெட்டிக்குள் அதை வைத்தால் உள்காற்று 43 சதவீதத்துக்கு வந்து நிற்கும்.

அதையே துப்பாக்கிக்குள் யோசித்துப் பாருங்கள். ஒரு சூட்டுக்குச் சுமார் 3 கிராம் உப்பு. அதில் ஒரு பகுதி சுவரில் ஒட்டுகிறது. வறண்ட நாளில் அது அடிப்பிடித்த பால்போல ஓடாகி, இரண்டு மூன்று சூட்டுக்குப் பிறகு குண்டை இறங்கவிடாது. அதனால் ஒவ்வொரு சூட்டுக்குப் பின்னும், லேசாக ஈரப்படுத்திய துணியை ஒருமுறையும் உலர் துணியை ஒருமுறையும் விட்டெடுப்பார்கள். நாக்கால் நனைத்த ஈரமே போதும். சொட்டச் சொட்ட நனைத்தால் குழம்பு அடியில் சேர்ந்து பற்றுவாயை அடைத்துவிடும். ஈரமான நாளில் கிண்ணத்தில் படிந்த உப்பு நீரை இழுத்து, புதிதாக இட்ட பொடியையும் சேறாக்கும். பனியில் காத்திருக்கும் வேட்டைக்காரர் கிண்ணத்தை அடிக்கடி துடைத்துப் புதுப்பொடி இடுவது அதனால்தான்.

துணியில் தடவும் கொழுப்பும் இந்த உப்புப் படிவை இளக்கமாக வைக்கத்தான். 1857இல் சிப்பாய்களைக் கொதிக்க வைத்த என்ஃபீல்டு தோட்டாவின் கொழுப்புக்கும் இதுவே வேலை: குண்டு வழுக்கிக்கொண்டு இறங்கவும், படிவு இறுகாமல் இருக்கவும். பசுவா பன்றியா என்று ஒரு சாம்ராஜ்யமே ஆடிப்போனதற்குப் பின்னால் இந்த உப்பும் இருக்கிறது. அந்தச் சாம்ராஜ்யத்துக்கு வெடியுப்பு கப்பல் கப்பலாகப் போனதும் நம் பீகாரிலிருந்துதான்.

இத்தனையும் செய்து காட்டுக்குள் போனால், கிடைப்பது ஒரே ஒரு சூடு. உருண்டைக் குண்டு காற்றை மோசமாகக் கிழிக்கும். 100 கஜத்துக்குள் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு வேகத்தை இழக்கும், ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் மிஞ்சும். ஆகவே பொறுப்பான வேட்டைக்காரர் 50, 60 கஜத்துக்குள் மான் பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருந்து, முன்னங்கால் சப்பைக்குச் சற்றுப் பின்னால், இதயமும் நுரையீரலும் இருக்கும் இடத்தில் குறிவைப்பார். விசைக்கும் வெடிக்கும் நடுவே ஒரு கணத் தாமதம் உண்டு. முகத்தருகே சீறும் தீயைப் பார்த்துத் தலையைத் திருப்பாமல் குறியிலேயே நிற்பதுதான் கடினம். சுட்டதும் புகைமூட்டத்தில் எதுவும் தெரியாது. குனிந்து புகைக்கு அடியில் பார்க்க வேண்டும். முதலில் மறுபடி கெட்டித்துவிட்டு, அரைமணி பொறுத்துத்தான் தடம் பார்க்க வேண்டும். நுரைத்த இளஞ்சிவப்பு ரத்தம் நுரையீரல். மான் தொலைவில் இருக்காது. பச்சைக் கலங்கலும் நாற்றமும் குடல். பல மணி நேரம் காத்திருக்க வேண்டும், உடனே துரத்தினால் மான் ஓடித் தொலைந்துபோகும். பொறி பறந்தும் வெடிக்கவில்லையென்றால் குழலை ஆபத்தில்லாத திக்கில் நீட்டியபடியே குறைந்தது ஒரு நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். உள்ளே மருந்து மெல்லப் புகைந்துகொண்டிருக்கலாம்.

இந்த வேட்டைக்காரர்கள் வாங்கும் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 1937இன் பிட்மேன் ராபர்ட்சன் சட்டப்படி வரி உண்டு: நீளத் துப்பாக்கிக்கு 11 சதவீதம். அந்தப் பணம் மாநிலங்களின் காட்டுயிர் மேலாண்மைக்கும் ஆய்வுக்கும் போகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில லட்சமாகச் சுருங்கிய வெண்வால் மான் இன்று கோடிகளில் இருக்கிறது. இந்த நிதிக்கும் அதில் பங்குண்டு. ஆண்டுதோறும் பட்ஜெட்டைப் பார்த்துக் கையேந்தாத ஆய்வுநிதி என்பது பொறாமைப்பட வைக்கும் ஏற்பாடுதான். ஆனால் சுடப்படும் விலங்குக்கே ஆய்வும் அதிகம் கிடைக்கிறது. தவளையைச் சுடுபவர் குறைவு, தவளைக்குப் பணமும் குறைவு.

சரி, வாளிக்கு வருவோம். பொட்டாசியம் கார்பனேட் 100 மில்லி குளிர்ந்த நீரிலேயே 110 கிராம்வரை கரையும். சல்பேட்தான் முரண்டு பிடிக்கும்: 20 டிகிரியில் 11 கிராம், கொதிநீரில் 24. வெந்நீருக்கான நியாயம் இங்கே இருக்கிறது. சோப்பு, துணியின் கொழுப்பை எடுக்க. பற்றுவாய் மூழ்கும்படி குழலின் அடியை வாளியில் நிறுத்தி, கோலில் துணியைச் சுற்றி மேலும் கீழும் இழுத்தால், குழல் பம்பு போலத் துளைவழியே நீரை உறிஞ்சித் துப்பும். முதலில் மை போல வரும். சல்பைடு நீரில் கரைவதால் அழுகிய முட்டை நாற்றமும் அடிக்கும். தெளிந்த நீர் வரும்வரை இழுத்து, நல்ல நீரில் அலச வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் சூடான இரும்பில் கண்முன்னே செந்துரு பூக்கும். கை பொறுக்கும் சூடு போதும். பிறகு துணி வெள்ளையாக வரும்வரை உலர்த்த வேண்டும். எண்ணெய் அதற்கு அப்புறம்தான். உப்பு எண்ணெயில் கரையாது. அலசாமல் எண்ணெய் பூசினால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும்; அது ஈரத்தை இழுத்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும்.

இதை நம்பாத ஒரு கூட்டம் அமெரிக்காவில் இருக்கிறது. குழலைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் இயற்கைக் கொழுப்பை மட்டும் பூசிக்கொண்டே வந்தால், இரும்பு தோசைக்கல் பழகுவதுபோல் குழலும் 'பழகி'விடும், துருவே பிடிக்காது என்பது அவர்கள் நம்பிக்கை. தோசைக்கல்லில் மெல்லிய எண்ணெய் சூட்டில் இறுகிப் படலமாகிறது, உண்மை. அதே கல்லைச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பாருங்கள், பழக்கமெல்லாம் போய் தோசை ஒட்டும். குழலுக்குள் ஒவ்வொரு சூட்டிலும் கொட்டுவது அந்தச் சாம்பலின் உப்புதான்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் மறுநாள் காலை ஓர் உலர் துணியைக் குழலுக்குள் விட்டெடுப்பதையும் கவனித்திருப்பீர்கள். துணியில் செம்பழுப்புக் கறை வந்தால் மறுபடி வாளி. வராவிட்டால் இன்னொரு முறை எண்ணெய், குழல்வாய் கீழ்நோக்கியபடி சார்த்தி வைப்பது. நிமிர்த்தி வைத்தால் எண்ணெய் மெல்ல இறங்கிப் பற்றுவாயில் தேங்கும், அடுத்த டிசம்பரில் முதல் சூடு வெறும் பொறியோடு நின்றுவிடும்.