பாறுகளிடம் யாரும் கேட்கவில்லை

சேரம்பாடிக்கு அருகே ஒரு லயத்து வீட்டின் பின்புறம், மடி வீங்கிய பசுவுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். கயிற்றைப் பிடித்திருந்த பெண் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். "இந்த மருந்தை முதலில் எலிக்குத்தானே போட்டுப் பார்த்திருப்பார்கள், டாக்டர் சார்? எலி ஒத்துக்கொண்டதா?" என்று கேட்டாள். "மாடு வலியில் நிற்கிறது, இவளுக்கு எலிக் கவலை" என்று அவளுடைய அப்பாயி அதட்டினார். நானும் சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். அப்படி வந்திருக்கக் கூடாது.

அந்த ஊசியில் இருந்தது மெலாக்சிகாம் என்ற வலிநிவாரணி. அது எலியோடு நிற்கவில்லை. செத்த விலங்குகளைத் தின்னும் பாறுக் கழுகுகளுக்கும் கொடுத்துப் பார்த்த மருந்து அது. அதைச் சொல்ல வேண்டுமானால் என் பழைய கணக்கு ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

நான் கூடலூர்ப் பக்கம் தொழில் தொடங்கிய காலத்தில் என் பையில் எப்போதும் டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி இருக்கும். கால் வீக்கம், காய்ச்சல், மடிநோய் எதுவானாலும் அதுதான். விலை குறைவு, மாடும் மறுநாளே எழுந்து நிற்கும். முறையாக ஆய்வக விலங்குகளில் சோதிக்கப்பட்டு, மனிதர்களுக்குப் பல ஆண்டுகள் பயன்பட்ட பிறகு மாட்டுக்கு வந்த மருந்து. சோதனை நடக்கவில்லை என்று யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் செத்த மாட்டைத் தின்னும் பறவைக்கு அது என்ன செய்யும் என்று ஒருவரும் கேட்கவில்லை. என் வாயிலிருந்தும் அந்தக் கேள்வி வந்ததில்லை.

இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகள் 1990-களிலிருந்து பதினைந்தே ஆண்டுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்துபோயின. பூச்சிக்கொல்லி என்றார்கள், புதுக் கிருமி என்றார்கள். பாகிஸ்தானில் ஆய்வு செய்தவர்கள்தான் 2004-இல் காரணத்தைக் கண்டார்கள். டைக்ளோஃபினாக் ஏறிய மாட்டின் இறைச்சியைத் தின்றதும் பறவையின் சிறுநீரகம் செயலிழக்கிறது. வெளியேற வேண்டிய யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசியதுபோல் ஈரலின் மேலும் இதயத்தின் மேலும் வெள்ளையாகப் படிகிறது. பறவையின் எடையில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராமிலும் மிகக் குறைந்த அளவே போதும். நூறு மாட்டுச் சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே ஓர் இனம் சரிந்துவிடும் என்று கணக்கிட்டார்கள். அந்த நூற்றில் ஒன்று என் கையால் ஊசி போட்ட மாடாக இருந்திருக்கலாம். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்றும் கூடு கட்டும் சில பாறுகளைப் பார்க்கும்போது எனக்குப் பெருமையாக இருப்பதில்லை.

மாற்று மருந்தைத் தேடியபோது நடந்ததுதான் எனக்கு, விலங்குகளில் மருந்தைச் சோதிக்கலாமா என்ற விவாதத்தின் மையம். அழிவின் விளிம்பில் நிற்கும் பறவையில் மருந்தைச் சோதிப்பது நியாயமா? ஆய்வாளர்கள் உடனே ஊசியைத் தூக்கவில்லை. உயிரியல் பூங்காக்களிலும் மறுவாழ்வு மையங்களிலும் உள்ள கழுகுகளுக்கு மருத்துவர்கள் ஏற்கெனவே எந்த வலிநிவாரணியைக் கொடுத்தார்கள், எது கொன்றது, எது கொல்லவில்லை என்று பழைய சிகிச்சைக் குறிப்புகளை முதலில் திரட்டினார்கள். அதில் தப்பி நின்றது மெலாக்சிகாம். பிறகுதான், அன்று அவ்வளவு ஆபத்தில் இல்லாத ஆப்பிரிக்க இனக் கழுகுகளில் சோதித்தார்கள். அதிலும் தேறிய பின்பே நம் பாறுகளுக்குக் கொடுத்தார்கள். 2006-இல் முடிவு வெளியானது. அதே ஆண்டில் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்குக்கு இந்தியா தடை போட்டது.

ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு ஆங்கிலேய விஞ்ஞானிகள் 1959-இல் சொன்னது இதுதான்: விலங்கில்லாமல் முடியுமா என்று பார், முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறை, பயன்படுத்தும் விலங்குகளின் வேதனையையும் குறை. நம் நாட்டில் விலங்குகளை வைத்து ஆய்வு செய்யும் நிறுவனம் எதுவானாலும் நெறிமுறைக் குழு வைத்திருக்க வேண்டும். அதில் விஞ்ஞானி அல்லாத ஒருவரும் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த ஒருவர் வாய் திறக்கிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அழகுப் பொருட்களுக்காக விலங்குகளைச் சோதிப்பது 2014-லிருந்தே தடை. லிப்ஸ்டிக்குக்காக முயலின் கண்ணில் எதையாவது ஊற்றுவதற்கு நியாயம் தேடுபவரோடு எனக்குப் பேச்சில்லை.

விலங்குச் சோதனையே கூடாது என்பவர்களிடம் நாய்க்கடியைப் பற்றிப் பேசுவேன். வெறிநாய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளாமல் என் தொழிலை ஒருவர் செய்ய முடியாது. அதன் வீரியத்தை அளக்கும் பழைய முறையில், தடுப்பூசி போட்ட எலிகளின் மூளைக்குள் வைரஸைச் செலுத்தி, எத்தனை பிழைக்கின்றன என்று எண்ணுவார்கள். என் உடலில் ஏறிய ஊசிகளுக்குப் பின்னால் அந்த எலிகள் இருக்கின்றன.

ஆனால் விலங்கில்லாமல் மருத்துவமே இல்லை என்பவர்களுக்கும் அதே நாய்க்கடியில் பதில் உண்டு. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் பெரியவர்கள் இன்றும் நடுங்கிச் சொல்வார்களே, அது ஆட்டின் மூளையில் வைரஸை வளர்த்துச் செய்த மருந்து. 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் அந்த வகையைத்தான் நெடுங்காலம் தயாரித்தது. சிலருக்கு அதனாலேயே பக்கவாதம் வந்தது. இப்போதைய தடுப்பூசிகளில் பல, வீரோ என்ற செல்களில் வளர்பவை. 1962-இல் ஜப்பானில் ஒரு பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல்கள் அவை, இன்னும் பெருகிக்கொண்டே இருக்கின்றன. ஒரு குரங்கு எத்தனை ஆடுகளைக் காப்பாற்றியது! ஆடுகள் போனதால் மருந்து கெடவில்லை, தேறியது. எலியின் மூளையைத் தொடாமல் ஆய்வகத் தட்டிலேயே வீரியத்தை அளக்கும் முறைகளும் வந்துவிட்டன.

எலி ஒத்துக்கொள்ளவில்லை, அம்மா. என் பசுவும் ஒத்துக்கொண்டு ஊசி வாங்குவதில்லை. ஆனால் பசுவின் வலி பசுவுக்காக, எலியின் வலி நமக்காக. அந்த வேறுபாட்டை மறைக்கும் எந்த வாதத்தையும் நான் நம்புவதில்லை.

மாடு வளர்ப்பவர்களுக்கு ஒன்று. வலி ஊசி போட வருபவரிடம் மருந்தின் பெயரைக் கேளுங்கள். மெலாக்சிகாம், டோல்ஃபெனாமிக் அமிலம் இரண்டும் பாறுகளைக் கொல்வதில்லை. கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டும் 2023 முதல் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டவை. மனிதருக்கான டைக்ளோஃபினாக் ஊசியையும் 2015 முதல் மூன்று மில்லி அளவில் மட்டுமே விற்கலாம், பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்கு ஏற்றக் கூடாது என்பதற்காக.

ஆனாலும் ஏற்றுகிறார்கள். போன வாரம் ஒருவர் தாளூர் சோதனைச்சாவடிக்கு அப்பால் எங்கோ வாங்கிய ஐந்து டைக்ளோஃபினாக் ஆம்பூல்களை, அதாவது சின்னக் கண்ணாடிக் குப்பிகளை, ஒரு செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்தார். "இதையே போடுங்கள், பக்கத்து வீட்டு மாடு இதில்தான் எழுந்தது" என்றார். ஆம்பூல்களை வாங்கி வைத்துக்கொண்டு, மெலாக்சிகாம் போட்டேன். காசு வாங்கவில்லை. மாடு எழுந்துவிட்டது. அவருக்கு ஐந்து ஆம்பூலின் விலை போன கோபம் இன்னும் தீரவில்லை.