உதிர்ந்து முளைக்கும் கொம்பு

மாட்டுப் பொங்கலன்று சென்னை கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருமுனைப் பால்காரர் தன் மாடுகளின் கொம்புகளைச் சீவி, நீலமும் மஞ்சளுமாகப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த அக்கா மகள், "மாமா, மான் கொம்புல பெயிண்ட் அடிச்சா எத்தனை நாள் இருக்கும்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. மாட்டுக்கு அடித்த பெயிண்ட், வெயிலும் மழையும் அதை உரிக்கும்வரை இருக்கும். ஸ்காட்லாந்து மலைகளில் மேயும் சிவப்பு மானுக்கு அடித்தால், பங்குனி சித்திரை வாக்கில் பெயிண்டோடு சேர்ந்து கொம்பே கீழே விழுந்து கிடக்கும்.

மாடு, ஆடு, பெயரில் மான் என்று இருந்தாலும் மாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்த நம் ஊர் வெளிமான் எல்லாவற்றுக்கும் இருப்பது ஒரே வகைக் கொம்பு. உள்ளே மண்டையோட்டிலிருந்து நீளும் எலும்பு, அதன்மேல் நகத்தைப் போன்ற உறை. அது உதிர்வதில்லை. சிலம்பக்காரர்கள் 'மான் கொம்பு' என்று சொல்லும் ஆயுதம் அந்தக் காலத்தில் வெளிமான் கொம்பில் செய்தது. அதனால்தான் அதில் கிளையே இருக்காது, முறுக்கிக்கொண்டு நீளமாகப் போகும். 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அதற்காக யாரும் வெளிமானைத் தொட முடியாது என்பதில் எனக்கு நிம்மதி.

சிவப்பு மானின் கொம்பு உறை எதுவும் இல்லாத வெறும் எலும்பு. ஆண் மானுக்கு மட்டும்தான் உண்டு. மரக்கிளையையும் நாம் கொம்பு என்கிறோம். கொம்புத் தேன் என்பதில் வருவது அந்தக் கொம்புதான். அந்தச் சொல் இந்த மானுக்கு எவ்வளவு பொருத்தம் பாருங்கள்: கிளை விடுகிறது, உதிர்கிறது, மறுபடி துளிர்க்கிறது.

உதிர்வது இப்படித்தான். வசந்த காலத்தில் ஆண் மானின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைகிறது. உடனே எலும்பைக் கரைக்கும் செல்கள் கொம்பின் அடியில் வேலையைத் தொடங்குகின்றன. பிடிப்பு தளர்ந்து, ஒரு நாள் கொம்பு கழன்று விழுகிறது. அடியில் தெரியும் புண்ணை சில நாட்களில் தோல் மூடிவிடும். அந்தத் தோலுக்குக் கீழிருந்து அடுத்த கொம்பு கிளம்பும். வளரும்போது அதன்மேல் வெல்வெட் போல மெல்லிய மயிர்த்தோல் போர்த்தியிருக்கும். அதற்குள் ரத்தக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்திருப்பதால் தொட்டால் சூடாக இருக்கும், அடிபட்டால் வலிக்கும். வேகமாக வளரும் நாட்களில் ஒரே நாளில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளும். முழு உறுப்பு ஒன்றை இப்படி வருடா வருடம் புதிதாக வளர்க்கும் பாலூட்டி, மான் குடும்பத்தைத் தவிர வேறில்லை.

இவ்வளவு எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து புல்லிலிருந்து மட்டும் கிடைத்துவிடாது. மான் தன் விலா எலும்புகளிலிருந்தே கடன் வாங்குகிறது. அந்த மாதங்களில் விலா எலும்பு மெலிந்து, பிறகு தீனியால் மெல்ல ஈடாகும். உதிர்ந்த கொம்புகளை மான்களே கடித்துத் தின்பதும் இந்தச் சத்துக்காகத்தான். ஸ்காட்லாந்தின் ரம் தீவில் இன்னும் ஒரு படி மேலே போய், கடற்பறவைக் குஞ்சுகளின் தலையையும் காலையும் கடித்து எலும்பைத் தின்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள். புல் மேயும் சாது பிராணி என்று நினைத்திருந்த எனக்கு இதைப் படித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஆடி, ஆவணியில் டெஸ்டோஸ்டிரோன் மறுபடி ஏறும். கொம்பு இறுகும், வெல்வெட் காய்ந்துவிடும், மான் அதை மரத்தில் தேய்த்து உரித்துவிடும். புரட்டாசி, ஐப்பசி இணை சேரும் காலம். ஆண்கள் முதலில் கர்ஜித்துப் பார்க்கும், அப்புறம் ஒன்றுக்கொன்று இணையாக நடந்து அளவெடுக்கும். இரண்டிலும் எதுவும் பின்வாங்காவிட்டால்தான் கொம்போடு கொம்பு மோதும். அதில் ஒரு கிளை ஒடிந்தாலும் அடுத்த வருடம் புதிதாக வந்துவிடும்.

சரி, காலண்டர் இல்லாமல் மானுக்கு மாதம் எப்படித் தெரிகிறது? வெளிச்சத்தால்தான். இருட்டில் மூளையின் பினியல் சுரப்பி மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். இரவு நீண்டால் அது அதிக நேரம் சுரக்கும். இரவின் நீளத்தை உடம்பு அப்படித்தான் அளக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் ஏறுவதும் இறங்குவதும் அதன்படிதான். ரிச்சர்ட் காஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி, கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த சிகா மான்களைச் செயற்கை வெளிச்சத்தில் வைத்து, ஒரு வருடத்தின் பகல் நீள மாற்றங்களை ஆறு மாதத்துக்குள் சுருக்கிக் காட்டினார். மான்கள் ஒரே வருடத்தில் இரண்டு முறை கொம்பு மாற்றின!

வட ஸ்காட்லாந்தில் குளிர்காலப் பகல் ஏழு மணி நேரம்கூட இல்லை, கோடையில் ஏறக்குறைய பதினெட்டு மணி நேரம். நம் காசிமேட்டுக் கரையில் நின்றால் ஜூன் தொடக்கத்தில் 5.40 வாக்கில் சூரியன் எழும், ஜனவரிக் கடைசியில் 6.35 வாக்கில். ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். வெளிச்சம் இங்கே உரக்கப் பேசுவதில்லை. நம் புள்ளிமான்கள் சிவப்பு மான்களைப் போல ஒரே பருவத்தில் கூட்டமாகக் கொம்பு மாற்றாததோடு இது பொருந்திப்போகிறது. எந்த மாதம் பார்த்தாலும் ஒன்று இறுகிய கொம்போடு நிற்கும், ஒன்று வெல்வெட்டோடு, இன்னொன்று மொட்டைத் தலையோடு.

அக்கா மகளைக் கடற்கரை ஸ்டேஷனில் ரயில் மாற்றி, புள்ளிமான்கள் உள்ள கிண்டிப் பூங்காவுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று அவள் இப்போதே எண்ணிக்கொண்டிருக்கிறாள்.