தீர்மானம் எழுதும் முன் கையெழுத்து எதற்கு?

கும்பகோணத்தை அடுத்த கல்லூரி ஒன்றில் அரசியல் அறிவியல் நடத்துகிறேன். முதுகலை முதல் வகுப்பில் குடவோலை முறை தெரியுமா என்று கேட்டால் எல்லாக் கைகளும் உயரும். கிராம சபைக்குப் போனவர் யார் என்று கேட்டால் இரண்டோ மூன்றோ கைதான். இது என்னை ஒவ்வோர் ஆண்டும் உறுத்துகிறது.

அதனால் உத்திரமேரூர்க் கல்வெட்டை முழுவதும் படிக்க வைப்பேன். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் வெட்டப்பட்டவை அவை. கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட வயது, வேதக் கல்வி ஆகியவை இருந்தால்தான் ஒருவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இடலாம். சென்ற ஆண்டு ஒரு மாணவி எழுந்து, "அப்படியானால் இந்த வகுப்பில் யாருக்கு ஐயா இடம் இருந்திருக்கும்?" என்று கேட்டாள். வயது வந்த எல்லாருக்கும் வாக்கு என்று சொல்லும் அரசமைப்புப் பிரிவு 326-ஐ அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கினேன். ஆனாலும் அந்தக் கல்வெட்டில் ஒன்றை நான் விடுவதில்லை. வாரியத்தில், அதாவது ஊர் வேலைகளைக் கவனிக்கும் குழுவில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கு மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினருக்கும் குடவோலையில் இடமில்லை.

அரசியல் நிர்ணய சபை விவாதங்களை வாசிக்கும்போது வகுப்பு சூடாகும். 1948 நவம்பர் 4 அன்று அம்பேத்கர், கிராமம் அறியாமையும் குறுகிய மனமும் வகுப்புவாதமும் குடியிருக்கும் இடம் என்றார். வரைவு அரசமைப்பு கிராமத்தை விட்டுத் தனிமனிதரை அலகாகக் கொண்டதில் மகிழ்ச்சி என்றும் சொன்னார். அதே மாதம் 22 அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கே. சந்தானம் ஊராட்சிகளுக்காகத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் அதை ஏற்றுக்கொண்டார். அதுதான் பிரிவு 40. இருவரில் யார் சரி என்று மாணவர்கள் வாதாடுவார்கள். கீழ்வெண்மணி இந்த மண்ணில்தான் இருக்கிறது. அரசமைப்பு நடைமுறைக்கு வந்து பதினெட்டு ஆண்டுகள் கடந்த பிறகு, 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அதை அறிந்தவர் அம்பேத்கரின் அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. சந்தானத்தின் நம்பிக்கைக்கு உயிர் கொடுப்பதும் அதே ஊர்களில் வாழ்பவர்கள் கையில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

1993-இல் நடைமுறைக்கு வந்த 73-வது திருத்தம் கிராம சபைக்கு அரசமைப்பில் இடம் கொடுத்தது. அதிகாரங்களை வகுக்கும் வேலையை மாநிலச் சட்டத்திடம் விட்டது. நமக்கு அது 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம். ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் எல்லாரும் உறுப்பினர்கள். எவரும் அழைத்து உட்கார வைக்க வேண்டியதில்லை.

ஆய்வேட்டுக்குத் தலைப்பு கேட்டு வருபவர்களிடம், "கேள்வித்தாள் அச்சடிக்க வேண்டாம், ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து எழுதி வா" என்பேன். மேலே கேள்வி கேட்ட மாணவி தன் ஊருக்கே போனாள். முதல் பக்கத்தில் அவள் எழுதியிருந்தது இதுதான்: பந்தலில் முப்பது நாற்காலிகள்; தெற்குத் தெருப் பெண்கள் புங்கமரத்தடியில் நின்றார்கள்; ஒலிபெருக்கி அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்த பக்கம் இன்னும் கனமானது. கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே நூறு நாள் வேலை நடந்த இடத்துக்குத் தீர்மானப் புத்தகம் வந்திருக்கிறது. கோடு போட்ட வெற்றுப் பக்கத்தில் அவள் அம்மாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறார், வருகைப் பதிவு என்று நினைத்து.

இது எங்கோ ஓர் ஊரில் நடந்த கதை என்று கடந்துவிடாதீர்கள். ஐந்நூறு பேருக்கு மேல் மூவாயிரம் பேர் வரை வாழும் ஊராட்சியில் குறைவெண்வரம்பு, அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை, நூறு பேர். பத்தாயிரம் வரை என்றால் இருநூறு. அந்த எண்ணிக்கையைக் காட்டத்தான் இந்தக் கையெழுத்து வேட்டை. வெற்றுப் பக்கத்தில் விழும் உங்கள் பெயருக்கு மேலே பிறகு எதையும் எழுதலாம். தூர் வாராத வாய்க்காலை வாரியதாகக் கூட எழுதலாம்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களிலும் கிராம சபை கூடும்; போய் உட்காருங்கள். கூட்டம் நடக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் கையெழுத்துப் போடாதீர்கள். வரவு செலவை வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னதைத் தீர்மானமாக எழுதி, உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கூட்டத்தைக் கவனிக்க அரசு அனுப்பும் அலுவலரான பற்றாளர் அங்கேதான் இருப்பார், அவரிடமும் சொல்லுங்கள். நகல் தர மறுத்தால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் கெடு.

அடுத்த கூட்டத்துக்கு மாணவியின் அம்மா தெற்குத் தெருவிலிருந்து பதினொரு பேரோடு போனார். புத்தகம் நீட்டப்பட்டபோது, "முதலில் எழுதுங்கள் தம்பி, என் மகள் படித்துச் சொல்லட்டும், பிறகு போடுகிறேன்" என்றார். ஊராட்சிச் செயலர் சற்று நேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்துவிட்டு, தெற்குத் தெரு வடிகால் வாய்க்காலைத் தூர் வார வேண்டும் என்று எழுதினார். மகள் படித்தாள். அம்மா போட்டார்.

வாய்க்கால் இன்னும் வாரப்படவில்லை. நகலை வாங்கி, ரேஷன் அட்டையோடு சேர்த்துப் பாலிதீன் உறையில் வைத்திருக்கிறார்கள். அக்டோபர் 2 அன்று அதை எடுத்துக்கொண்டு போகப் போகிறார்கள்.